சூப்பில் போடும் முட்டை பாஸ்தா: எந்த இயற்கை நிறம் நிற்கும், எது கரையும்?

பாஸ்தாவை சாஸில் பிரட்டிப் பரிமாறினால் நிறம் கொஞ்சம் கசிந்தாலும் யார் கண்ணுக்கும் படாது. தெளிந்த கோழி சூப்பில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பீட்ரூட் சேர்த்த மாவு பலகையில் இருக்கும்வரை கண்ணைப் பறிக்கும். கிண்ணத்துக்கு வரும்போது பாஸ்தா வெளுத்து, சூப் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருக்கும்.

அதனால் சூப்புக்கென்று நிறம் தேர்ந்தெடுக்கும்போது மாவின் அழகை நம்பக் கூடாது. அந்த நிறமி தண்ணீரில் கரையுமா, கொழுப்பில் கரையுமா, இரண்டிலும் கரையாததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீரையின் பச்சை, கேரட் தக்காளி மிளகாயின் ஆரஞ்சும் சிவப்பும், மஞ்சளின் மஞ்சள் எல்லாம் கொழுப்பில் கரைபவை. மஞ்சள் கருவின் கொழுப்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளும், வேகும் தண்ணீருக்கு அதிகம் விடாது. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சங்குப்பூ, ஊதா முட்டைகோஸ், கருப்பு கவுனி இவற்றின் நிறமெல்லாம் தண்ணீரில் கரைபவை. கணவாய் மை தனி ரகம். அது மெலனின் என்ற கருநிறமியின் துகள், எதிலும் கரையாது.

அடிப்படை மாவு

இத்தாலியின் எமிலியா ரோமாஞ்ஞா பகுதியில் வீட்டுக் கணக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. அந்தக் கணக்கை இங்கே அப்படியே பிடித்தால் மாவு வறண்டுபோகும். அங்கே முட்டை பெரிது. நம் கடையில் கிடைக்கும் பண்ணை முட்டையை உடைத்து ஊற்றினால் பெரும்பாலும் 45 கிராம் அளவில்தான் வரும், நாட்டுக்கோழி முட்டை இன்னும் குறைவு. எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தராசைப் பிடியுங்கள்: 200 கிராம் மாவுக்கு முட்டையும் நிறச் சேர்மானமும் சேர்ந்து 100 கிராம். இந்த 300 கிராம் மாவு, சூப்பில் போட்டால் ஆறு பேருக்குப் போதும். ஆளுக்கு 50 கிராம் பாஸ்தா, 250 முதல் 300 மில்லி சூப்.

முழுக்க மைதா போட்டால் தேய்க்க லேசாக இருக்கும், ஆனால் சூப்பில் பத்து நிமிடம் ஊறினால் துவண்டுவிடும். 160 கிராம் மைதாவோடு 40 கிராம் சிரோட்டி ரவை (மிக மெல்லிய ரவை) சேர்த்தால் கடி நிற்கும். உப்புமா ரவை வேண்டாம். அதன் குருணை ஊறுவதற்குள் ஷீட் (தேய்த்து விரித்த மாவு) கிழியும்.

எல்லா ஈரத்தையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். கடலூர், புதுச்சேரிக் காற்றில் திறந்து வைத்த மைதா தானாகவே ஈரம் இழுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் அதிகம். 10 கிராம் கையிருப்பு வைத்துக்கொண்டு, எட்டுப் பத்து நிமிடம் பிசைந்த பிறகும் மாவு உதிர்ந்தால் மட்டும் சேர்க்கலாம். பதம்: பூரி மாவைவிடக் கெட்டி, விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்ப வேண்டும். மூடி 30 நிமிடம் ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்த்தால் தேய்க்கத் தேய்க்க ஷீட் சுருங்கிக்கொண்டே போகும்.

பாலக்: முதல் தேர்வு

ஒரே ஒரு நிறம்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்துப் பச்சை லசான்யாவும் (அடுக்கு பாஸ்தா) கீரை சேர்த்த முட்டை மாவுதான்.

தண்டு நீக்கிய பாலக் இலை 100 கிராம். கொதிக்கும் தண்ணீரில் மூடாமல் ஒரு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில். மூடி வேகவைத்தால் இலையிலிருந்து எழும் அமிலம் பாத்திரத்துக்குள்ளேயே தங்கி, பச்சையைப் பாசி நிறமாக்கும். பிறகு பிழிய வேண்டும். காரியமே இந்தப் பிழிதலில்தான் இருக்கிறது. கையால் பிழிந்தால் போதாது. வேட்டித் துணியில் கட்டி முறுக்குங்கள், சொட்டு நின்ற பிறகு துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறுக்கு. சுமார் 40 கிராம் உருண்டை மிஞ்ச வேண்டும். 60 கிராம் இருந்தால் இன்னும் 20 கிராம் தண்ணீர் உள்ளே இருக்கிறது, மாவு பலகையில் ஒட்டப் போகிறது என்று அர்த்தம்.

இந்த 40 கிராமை ஒரு முட்டை, ஒரு மஞ்சள் கருவோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் அரையுங்கள். கீரையைத் தனியாக அரைத்தால் பிளேடு பிடிக்காமல் ஜார் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், முட்டையோடு சேர்த்தால் விழுதாகிவிடும். நார் மிஞ்சினால் ஷீட்டை மெல்லிசாக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் ஓட்டை விழும்.

கொடிப் பசலையை இதற்கு எடுக்க வேண்டாம், அதன் வழவழப்பு மாவில் இறங்கிவிடும். அரைக்கீரை, சிறுகீரை பரவாயில்லை, நிறம் ஒரு படி மங்கல். முருங்கைக்கீரைப் பொடி வேலை மிச்சம்: 200 கிராம் மாவுக்கு 2 டீஸ்பூன், முட்டை முழு அளவு 100 கிராம். ஆனால் பச்சை பழுப்போடு வரும், லேசான கசப்பும் உண்டு. நாட்டுக்கோழி சூப்பில் மிளகு தூக்கலாக இருந்தால் அந்தக் கசப்பு பொருந்தும். சின்னப் பிள்ளைகள் ஒதுக்கிவைப்பார்கள்.

பாலக்கின் எதிரி புளிப்பு. தக்காளி போட்ட சூப், எலுமிச்சை பிழிந்த சூப் இரண்டிலும் பச்சை கண்ணெதிரிலேயே ஆலிவ் நிறத்துக்கு இறங்கும். எலுமிச்சை இல்லாமல் சூப் இறங்காது என்பவர்கள் இருக்கும் வீட்டில் பாலக்கை விட்டு அடுத்த வகைக்குப் போவது நல்லது.

மஞ்சள், கேரட், தக்காளி, மிளகாய்

மஞ்சள்தூள்தான் இருப்பதிலேயே சுலபம். 200 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன், முட்டையில் கலக்கி ஐந்து நிமிடம் விட்டுப் பிசைய வேண்டும். மாவில் நேரே தூவினால் புள்ளி புள்ளியாக நிற்கும். முக்கால் டீஸ்பூனைத் தாண்டினால் பச்சை மஞ்சள் வாசம் சூப்பை ஆக்கிரமிக்கும். கொஞ்சம் கசிந்தாலும் கோழி சூப் ஏற்கெனவே பொன்னிறம், யாரும் கவனிக்க மாட்டார்கள். நல்ல நாட்டு முட்டை கிடைத்தால் மஞ்சள்தூளே வேண்டியதில்லை. முழு முட்டைக்குப் பதிலாக ஐந்தாறு மஞ்சள் கருவும் குறையும் எடைக்கு வெள்ளைக் கருவும் போட்டால் அதுவே போதுமான நிறம், மாவும் உறுதியாக வரும்.

கேரட்டுக்கு மெனக்கெட்ட அளவு பலன் இல்லை. 100 கிராம் கேரட்டை ஆவியில் வேகவைத்து அரைத்து, வாணலியில் 40 கிராமாக வற்றவைத்தாலும், மஞ்சள் கரு ஏற்கெனவே தரும் நிறத்துக்கு ஒரு படி மேலேதான் போகும். இனிப்பு மட்டும் கூடும்.

தக்காளி பரவாயில்லை. விதை நீக்கிய 250 கிராம் பழத்தை அரைத்து, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் 30 கிராம் விழுதாகும்வரை சுண்டவிடுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. ஒரு முட்டை, ஒரு மஞ்சள் கரு, இந்த விழுது, தேவைப்பட்டால் 2 டீஸ்பூன் தண்ணீர். செங்கல் நிறம் வரும், வெந்த பிறகும் நிற்கும். பாட்டில் கெச்சப் இதற்கு ஆகாது, அதில் சர்க்கரையும் வினிகரும் சேர்ந்திருக்கும்.

காஷ்மீரி மிளகாய்த்தூளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 200 கிராமுக்கு 2 டீஸ்பூன் போட்டால் அருமையான சிவப்பு வரும், தெளிந்த தண்ணீரில் கொதிக்கவைத்தால் அதிகம் கசியாது. அதையே மேலே எண்ணெய் மிதக்கும் கோழி சூப்பில் போட்டுப் பாருங்கள். மிதக்கும் கொழுப்புச் சொட்டுகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சாக மாறும். கொழுப்பில் கரையும் நிறத்துக்கு மேலே மிதக்கும் கொழுப்பு ஒரு வாசல். தக்காளியும் இதையே கொஞ்சம் குறைவாகச் செய்யும். சூப்பை முதல் நாளே வைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவிட்டு, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பீட்ரூட்: ஏன் ஏமாற்றுகிறது

அதிகம் பேர் ஆசைப்படுவது இதற்குத்தான், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். காரணம் மூன்று. ஒன்று, நிறமி தண்ணீரில் கரையும். இரண்டு, சூட்டில் சிதையும், நீண்ட நேரம் கொதித்தால் பழுப்பு மஞ்சளாகும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: வெள்ளைக் கரு காரத்தன்மை கொண்டது, முட்டை பழசாக ஆக அது இன்னும் கூடும். பீட்ரூட் சிவப்போ லேசான புளிப்பில்தான் நிலைத்து நிற்கும். ஆக, முட்டை மாவில் சேரும்போதே அது பாதகமான இடத்துக்கு வந்துவிடுகிறது.

செய்தே தீர வேண்டும் என்றால் சேதத்தைக் குறைக்க வழி உண்டு. பீட்ரூட்டைத் தோலோடு ஆவியில் வேகவைத்து உரித்து, அரைத்து, 40 கிராமாக வற்றவையுங்கள். முழு முட்டைக்குப் பதில் மஞ்சள் கருவே அதிகம் சேர்த்து, ஒரு டீஸ்பூன் வினிகர் விடுங்கள். ஷீட் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். தண்ணீரில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் விடாமல் எடுத்து, சூப் ஊற்றிய கிண்ணத்தில் கடைசியாகப் போட்டு உடனே சாப்பிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது வெளிர் ரோஜா நிறம். இந்த மாவுக்கு ஏற்ற இடம் வெண்ணெயும் சீஸும் பிரட்டிய தட்டு, சூப் கிண்ணம் இல்லை. சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமியும் இதே குடும்பம்தான், சூப்பில் அதற்கும் இதே கதி.

சங்குப்பூவும் மற்ற ஊதாக்களும்

வேலியில் இலவசமாகப் பூக்கிறது என்பதால் சங்குப்பூ நினைவுக்கு வரும். முழு முட்டையில் போட்டால் நீலம் வராது. நீலமும் மஞ்சள் கருவும் சேர்ந்து மங்கிய பச்சையாகிவிடும். நீலம் வேண்டுமானால் வெள்ளைக் கரு மட்டும்: 25 புதுப்பூவின் இதழ்களை 30 மில்லி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஆறிய பிறகு அதில் 25 கிராமை 75 கிராம் வெள்ளைக் கருவோடு சேர்க்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் வெள்ளைக் கரு திரிந்துபோகும். மாவு அழகான நீலம், ஆனால் வெள்ளைக் கரு மாவு ரப்பர் மாதிரி இழுக்கும், மிக மெல்லிசாகத் தேய்த்தால்தான் வாய்க்கு இதமாக இருக்கும். மெல்லிசாக்கினாலோ நிறம் இன்னும் சீக்கிரம் சூப்பில் இறங்கும். பொன்னிற சூப்பில் நீலம் கரைந்தால் குளத்துத் தண்ணீர் நிறம்தான். ஊதா முட்டைகோஸும் இதே கதை. கருப்பு கவுனி மாவு 30 கிராம் கலந்தால் சாம்பல் ஊதா வரும். அதில் மாவைப் பிணைக்கும் புரதமான குளூட்டன் இல்லாததால் அதற்கு மேல் போனால் ஷீட் பிளக்கும்.

கணவாய் மை: கடற்கரைக்காரருக்கு மட்டும் கிடைக்கும் வசதி

உள்ளூரில் கடைக் குப்பியை நம்ப வேண்டியதில்லை. கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ கணவாய் இறங்கும் நாளில், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காவிடம் “மைப்பை உடையாம எடுத்துக் குடுங்க” என்று முன்கூட்டியே சொன்னால் போதும். சொல்லாவிட்டால் முதல் வேலையாக அதைத்தான் கிழித்துக் கழுவி விடுவார்கள். ஊசிக் கணவாயைவிட ஓட்டுக் கணவாயில் மை அதிகம், அடர்த்தியும் அதிகம். குடலை ஒட்டி வெள்ளி மினுக்கோடு இருக்கும் சின்னப் பையைக் கத்தி படாமல் நகத்தால் மெல்லப் பிரித்து, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கீறுங்கள். வரும் மையைத் தேநீர் வடிகட்டியில் வடித்தால் தோல் துணுக்கு தங்கிவிடும். கையுறை போடாவிட்டால் இரண்டு நாளைக்கு நகக்கண் கறுப்பு.

அளவு: 200 கிராம் மாவுக்கு 10 கிராம் மை, 90 கிராம் முட்டை. 5 கிராம் போட்டால் கறுப்பு வராது, சிமெண்ட் நிறம்தான் வரும். மையிலேயே உப்பு இருப்பதால் மாவில் உப்பு வேண்டாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது புது மை கிடைப்பது சிரமம். ஐஸ் தட்டில் 10 கிராம் 10 கிராமாக உறையவைத்துக்கொண்டால் ஒரு குழிக்கு ஒரு முறை மாவு. சாதாரண வெப்பத்தில் மை வெகு சீக்கிரம் கெடும், அன்றைக்கே பயன்படுத்துங்கள் அல்லது உறைய வையுங்கள்.

நிறம் நிற்பதில் இதற்கு இணை இல்லை. எலுமிச்சை பிழிந்தாலும் மாறாது, கொதித்தாலும் மாறாது. ஷீட்டின் மேலே ஒட்டிய தளர்ந்த மாவிலிருந்து மட்டும் கொஞ்சம் சாம்பல் இறங்கும், தனித் தண்ணீரில் வேகவைத்து எடுத்தால் அதுவும் போகும். ஆனால் கோழி சூப்பில் இதைப் போட வேண்டாம். கடல் வாசம் கோழிக் கொழுப்போடு சண்டை போடும். இறால் தலை, ஓடு வறுத்து எடுத்த சாறுக்கும், வஞ்சிரம் தலையில் வைத்த மீன் சூப்புக்கும்தான் இது சரியான ஜோடி.

தேய்ப்பது, வெட்டுவது, வேகவைப்பது

நிறம் எதுவானாலும் ஷீட் மெல்லிசாக ஆக நிறமும் சீக்கிரம் வெளியேறும். சதுரத் துண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர், நூல் மாதிரி வெட்டுவதற்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. சூப்புக்குச் சதுரத் துண்டே வசதி: ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, கரண்டியில் ஏறும், சட்டையில் தெறிக்காது. இத்தாலியிலும் ஷீட் வெட்டி மிஞ்சியதை இப்படி நறுக்கி சூப்பில் போடும் பழக்கம் உண்டு.

வெட்டுமுன் ஷீட்டைப் பத்து நிமிடம் உலரவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் ஷீட், வெட்டும்போது ஓரத்தில் வெடிக்கும். மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் விட்டாலும் உலராது, அப்போது மெல்லிய ரவை தூவி உடனே வெட்டிவிடலாம். மைதா தூவ வேண்டாம், சூப்பைக் கலங்கவைப்பதில் பாதிப் பங்கு அதற்குத்தான்.

பாஸ்தாவை நேரே சூப்பில் வேகவைப்பதா, தனித் தண்ணீரிலா? சாதா மஞ்சள் கரு பாஸ்தாவுக்கு நேரே சூப்பில் வேகவைப்பதே ருசி. நிறம் சேர்த்த எதற்கும் தனித் தண்ணீர்தான் பாதுகாப்பு: லிட்டருக்கு 10 கிராம் உப்பு, தளதளவென்று கொதிக்கும்போது போட்டு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், துளைக் கரண்டியில் அள்ளி நேரே கிண்ணத்துக்கு, மேலே சுடச்சுட சூப். குழாய்த் தண்ணீரில் அலசினால் சூடும் போகும், ருசியும் போகும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் சூப்புக்கும் இதற்கும் கேன் தண்ணீர் எடுங்கள்.

முழு ஷீட்டையும் வெட்டுமுன் ஒரு சோதனை: ஒரு துண்டை வேகவைத்து, கண்ணாடி டம்ளரில் சூடான தண்ணீருக்குள் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் எதுவும் தெரியாது. டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் விருந்தாளிக் கிண்ணத்தில் என்ன நடக்கப் போகிறது என்பது தெரிந்துவிடும். கசிவு அதிகமென்றால் அந்த மாவு நாளைக்கு சாஸுக்குப் போகட்டும்.

எந்த வீட்டுக்கு எது

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி சூப் வைக்கும் வீட்டில் பாலக் பாதி, சாதா மஞ்சள் கரு பாதி என்று இரண்டு மாவாகச் செய்வது கண்ணுக்கும் நாக்குக்கும் நல்லது. இத்தாலியில் பச்சையும் மஞ்சளும் கலந்த பாஸ்தாவுக்கு வைக்கோலும் உலர்புல்லும் என்றே பெயர். சூப்பில் மஞ்சள்தூள் போடாதீர்கள், முழு மிளகைத் தட்டிப் போட்டு வடித்துவிடுங்கள், தூளாகப் போட்டால் அடியில் கறுப்பாகப் படியும். எலுமிச்சையோ தக்காளியோ இல்லாமல் முடியாது என்றால் பாலக்குக்குப் பதில் தக்காளி மாவு, சூப்பில் கொழுப்பு வழித்தபின். மீன் சாறு, இறால் சாறு என்றால் யோசிக்கவே வேண்டாம், கணவாய் மை. பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் நீலமோ ரோஸோ கேட்டு அடம்பிடித்தால் அந்த மாவைச் செய்து, சூப்பில் விடாமல் வெண்ணெய், துருவிய ஆரோவில் சீஸ், பூண்டோடு தட்டில் கொடுங்கள்.

முதல் நாளே செய்துவைக்க வேண்டியவர்கள் பாலக் மாவை உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், இரவோடு இரவாகச் சாம்பல் பச்சையாகிவிடும். தேய்த்து, வெட்டி, ரவை தூவித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இறுக்கிய பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் மூன்று நான்கு வாரம் தாங்கும். உறைந்த துண்டுகளை உருகவிடாமல் நேரே கொதிக்கும் தண்ணீரில் போட்டு அரை நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள். உருகவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். பச்சை முட்டை சேர்ந்த மாவு என்பதால் நம் ஊர் வெயிலில் எந்த நிற மாவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரமே அதிகம்.